அம்மன் பூவை முகர்ந்தது யார்?

முன்னால் மண்சரிவு, பின்னால் மண்சரிவு. நடுவில் ஹரிதாஸின் பழைய கார். அதற்குள் ஹரிதாஸின் காலி வயிறு.

மலைமேல் கியா பார்மில் ஒரு வழக்கை முடித்துவிட்டு, ரிங்லெட் வழியாக அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கிவிடலாம் என்று திட்டம் போட்டவன் அவன்தான். ரிங்லெட்டுக்கு மேலேயே மலை சரிந்து ரோட்டை மூடியிருந்தது. காரைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச தூரம் போவதற்குள் அந்தப் பக்கமும் சரிந்துவிட்டது. மழையும் மூடுபனியும் சேர்ந்து தேயிலைச் சரிவுகளை விழுங்கியிருந்தன. கண்ணுக்குத் தெரிந்த ஒரே வெளிச்சம் தோட்டத்து மண்டபத்தின் ஜன்னல் வெளிச்சம்தான்.

"வாங்க மேடம். கல்யாணமோ கருமாதியோ, சோறு போடாமயா அனுப்புவாங்க?" என்றான் ஹரிதாஸ்.

நீலாவதி குடையை விரித்தாள். ஈப்போ போலீஸில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்று, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். ஹரிதாஸ் பழைய டாக்சிக்காரன். அந்த அலுவலகத்தின் டிரைவர், உதவியாளர், அவன் கணக்கில் மூளையும்கூட.

கதவைத் தட்டியதும் வேட்டி கட்டிய ஒருவர் திறந்தார். இருவரையும் உள்ளே விட்டார். மறுபடி பூட்டி, சாவியை மடியில் சொருகிக்கொண்டார்.

"நான் தங்கராஜு. கோயில் செயலாளர். அம்மனோட பொட்டுத்தாலி காணாமப் போச்சு. அது கெடைக்கிற வரைக்கும் உள்ள இருக்கறவங்க யாரும் வெளிய போவ முடியாது."

"அண்ணே, நாங்க இப்பத்தானே வெளியிலேருந்து வந்தோம்?"

"இப்ப உள்ளதானே இருக்கீங்க?"

பொறிக்குள் போன எலியிடம் 'ஏன் வந்தாய்' என்று யார் கேட்கப்போகிறார்கள்?

மண்டபத்தில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. உள்ளே பூ வாசனை கனமாக நின்றது. நீள மேசைகளில் வரிசையாகப் பூக்கூடைகள்: சாமந்தி, ரோஜா, எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளை லில்லி. சுவரோரம் பெண்கள் நாற்காலிகளில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் பக்கத்தில் இருப்பவளோடு பேசவில்லை. காலையிலிருந்து ஒருவர் மடியை ஒருவர் சோதித்த பிறகு பேசுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

நீலாவதி போலீஸில் இருந்தவள் என்று தெரிந்ததும், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். ருக்குமணி. தோட்ட அலுவலகத்துக் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணியின் மனைவி, தோட்டத்து மலர் அலங்காரச் சங்கத்தின் தலைவி. அவள் மூச்சு விடாமல் சொன்னதன் சாரம் இதுதான்.

இன்று அம்மன் பல்லக்கு ஊர்வலம். பல்லக்குக்குக் கூடை அலங்காரம் செய்வது சங்கத்தின் வேலை. அம்மனின் தங்கப் பொட்டுத்தாலியைப் பூமாலையின் நடுவில் வைத்துத் தைப்பது, சங்கம் தேர்ந்தெடுக்கும் ஒருத்திக்குக் கிடைக்கும் பெருமை. பத்து வருடமாக அந்தப் பெருமை கங்காவுக்குத்தான். பிரிஞ்சாங்கில் பூத்தோட்டம் வைத்திருக்கும் தவுக்கே முதலாளியின் மனைவி அவள். லில்லி எல்லாம் அவள் கொடுப்பது. இந்த வருடம் சங்கத்தார் கை தூக்கி, குமுதாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தேயிலை ஃபாக்டரியில் பெட்டி ஒட்டுகிறவள். கைவேலையில் கெட்டிக்காரி.

"காலையில கூடையெல்லாம் முடிச்சு, பூசாரி வந்து மஞ்சத் தண்ணி தெளிச்சுட்டுப் போனாரு. தங்கராஜு தம்பி தாலிய குமுதா கையில குடுத்தாரு. அவ தட்டுல வெச்சுட்டு திடீர்னு வெளிய ஓடினா. திரும்பி வந்து பாத்தா, தட்டு மட்டும்தான் இருக்கு."

"எதுக்கு ஓடினாளாம்?"

"அதத்தான் சொல்லமாட்டேங்கறா."

தங்கராஜு குறுக்கே வந்தார். "வெளக்கு வெக்கிற நேரத்துக்கு அவ கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணணும். எரியிற கற்பூரத்த உள்ளங்கையால அணைச்சு, நான் எடுக்கலன்னு சொல்லட்டும், விட்டுர்றோம். முடியாதுன்னா, இனிமே அவ குடும்பத்துக்கு இந்தக் கோயில்ல திருநீறு கெடையாது."

"பண்றேன்னு சொன்னாளா?"

"மாட்டேங்கறா. எடுக்காதவளுக்கு என்னா பயம்?"

கேட்ட ஹரிதாஸுக்கும் அது சரியாகத்தான் பட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? பசியில் மனிதனுக்கு எல்லாத் தீர்ப்பும் சுலபம்தான்.

"எல்லா எடமும் தேடிட்டீங்களா?" என்றாள் நீலாவதி.

"மடி, பை, கொண்டை கூட விடல. கூடைங்கள மட்டும் நான் தொட விடல." ருக்குமணியின் குரல் உறுதியாக இருந்தது. "மஞ்சத் தண்ணி தெளிச்ச கூடை. அது அம்மனோடது. பிரிச்சா திரும்ப ஆவாது."

மூலையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பட்டுப் புடவை, நெற்றி நிறையக் குங்குமம். கங்கா. "நான்தான் அப்பவே சொன்னேன்லா, எல்லாத்தையும் தேடுங்கன்னு. யாரு கேட்டா?"

ஹரிதாஸ் நீலாவதியின் காதில் சொன்னான்: "பணக்கார வீட்டு பக்தியே தனி மேடம். நெத்தி பத்தாம மூக்கு நுனியிலயும் குங்குமம்."

நீலாவதி கங்காவை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஹரிதாஸின் சட்டையைப் பார்த்தாள். வந்த உடனே தரையில் கிடந்த ஒரு லில்லியை எடுத்துப் பையில் சொருகிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தான் அவன்.

"லில்லிப் பூ சட்டையில பட்டா கறை பிடிக்குமே. உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

ருக்குமணி பதில் சொன்னாள். "பூ விரிஞ்ச உடனே உள்ள நிக்கிற பொடி முனைய நாங்க கிள்ளிப் போட்டுருவோம்மா. அம்மன் பட்டுல அது பட்டா, என்ன பண்ணாலும் போவாது. சங்கத்துல சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுக்கற மொத வேலை அதான்."

மேடைக்குப் பின்னால் சாமான் அறை. குமுதா அங்கே, உடைந்த கண்ணாடி வழியாக மழைக்காற்று வருகிற ஜன்னலோரம் ஒண்டியிருந்தாள். மெலிந்த முகம். கதவு திறந்ததும் அவள் முதலில் சொன்னது, "கதவ சாத்திருங்க."

வெட்கம், பாவம் என்று நினைத்துக்கொண்டான் ஹரிதாஸ். கதவைச் சாத்திவிட்டு ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாமென்று அருகில் போனான். அவள் முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"மூஞ்சி இல்ல, பையில இருக்கறது. அந்தப் பூவ வெளிய போட்டுட்டு, சுடுதண்ணி கொண்டா" என்றாள் நீலாவதி. "மெதுவா வா."

சுடுதண்ணீர் கொண்டுவரப் போய், பிஸ்கட் டின் ஒன்றையும் கண்டுபிடித்து, இரண்டைத் தின்றுவிட்டு அவன் திரும்பியபோது, இரண்டு பெண்களும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் வந்ததும் பேச்சு நின்றது. குமுதாவின் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நான் எடுக்கல. ஆனா கற்பூரம் அணைக்க மாட்டேன். வேற என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

"அணைக்க வேணாம். நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்ததும் ஹரிதாஸ் கிசுகிசுத்தான். "என்ன சொன்னா?"

"நீ பிஸ்கட் தின்னத நான் கேட்டேனா?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

நீலாவதி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைகளைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு கூடையிலும் லில்லிகள் நன்றாக விரிந்து, நடுவில் வெறுமையாக நின்றன. கடைசி மேசையில் இருந்தது குமுதாவின் கூடை. அதில் எல்லாம் மொட்டு. நீண்ட, பச்சை கலந்த, இறுக மூடிய மொட்டுகள். நடுவில் ஒன்று மட்டும் வாயைத் திறந்திருந்தது. அதற்குள் செம்பழுப்புப் பொடி அப்படியே இருந்தது.

"இது என்னா, மத்தவங்களுதெல்லாம் பூ, இது மட்டும் மொட்டு?" என்று ஹரிதாஸ் குனிந்தான். மூக்கு பூவுக்கு ஒரு சாண் தூரம் போயிருக்கும்.

"மோந்து பாக்காதீங்க!"

மண்டபமே ஒரே குரலில் அலறியது. காலையிலிருந்து ஒருவரோடொருவர் பேசாத பெண்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிட்டார்கள். ஹரிதாஸ் துள்ளிப் பின்னால் வந்து ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டான்.

"மோந்த பூ அம்மனுக்கு ஆவாது!" ருக்குமணி நெஞ்சில் கை வைத்தாள். "சின்னப் புள்ளைக்குக்கூட தெரியுமே தம்பி!"

"தெரியும்க்கா. பசியில மறந்துட்டேன்."

நீலாவதியின் கண் பூவிலேயே இருந்தது. "அக்கா, பூசாரி மஞ்சத் தண்ணி தெளிச்சப்ப இந்த லில்லி விரிஞ்சிருந்துச்சா?"

"இல்லியே. எல்லாமே மொட்டு. 'ஏன்டி இப்படி வெச்சிருக்க'ன்னு நானே கேட்டேன். ஜன்னலெல்லாம் சாத்தி, இத்தனை பேரு மூச்சு விட்டு, வெக்கையில இப்பத்தான் விரிஞ்சிருக்கு."

"அப்ப குமுதா எங்க இருந்தா?"

"சாமான் ரூம்ல. தாலி காணோம்னு தெரிஞ்ச உடனே அவள அங்க உக்கார வெச்சுட்டோம். அதுக்கப்புறம் வெளியவே வரல."

ஜன்னலுக்கு வெளியே பனி இருண்டுகொண்டு வந்தது. கீழே கோயில் மணி அடித்தது. விளக்கு வைக்கும் நேரம்.

தங்கராஜு பித்தளைத் தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு வந்து நின்றார். இரண்டு பெண்கள் குமுதாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்கள். முந்தானை அவள் மூக்கில் இருந்தது. எரிகிற கற்பூரத்தைப் பார்த்ததும் அவள் கால்கள் பின்வாங்கின. பின்னால் பூட்டிய கதவு. சுற்றிலும் அவளைத் திருடி என்றே நினைக்கும் முகங்கள். ஹரிதாஸுக்கு இப்போது பசி தெரியவில்லை. இந்தப் பெண்ணை இப்படியே விட்டுவிட்டால் இன்று ராத்திரி தனக்குத் தூக்கம் வராது என்று தோன்றியது.

"ஒரு நிமிஷம் அண்ணே" என்றாள் நீலாவதி. "அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. கங்காம்மா, தாலி காணாமப் போன பிறகு குமுதா கூடைகிட்ட போனீங்களா?"

"நான் எதுக்குப் போறேன்? அந்தப் பக்கமே திரும்பல."

"மூக்குல என்னமோ ஒட்டியிருக்கு பாருங்க."

"குங்குமமா இருக்கும்."

"தொடைச்சுக்குங்க. ஹரி, கைக்குட்டைய நனைச்சுக் குடு."

கங்கா அலட்சியமாகத் துடைத்தாள். குங்குமமாக இருந்திருந்தால் சிவப்பாகக் கரைந்து போயிருக்கும். இது மஞ்சளாக இழுபட்டு, மூக்கு நுனியிலிருந்து கன்னம் வரைக்கும் அப்பிக்கொண்டது. இன்னொரு முறை தேய்த்தாள். இன்னும் பரவியது. சங்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கறையை அறியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

"இந்த மண்டபத்துல பொடி கிள்ளாத லில்லி ஒண்ணே ஒண்ணுதான். அது குமுதா கூடையில இருக்கு. விரிஞ்சதே இப்பத்தான். ஆக, நீங்க அந்தப் பூகிட்ட மூஞ்சிய கொண்டு போயிருக்கீங்க. எதுக்கு?"

கங்காவின் முகம் கறுத்தது. "ஆமாலா, மோந்து பாத்தேன்! என் தோட்டத்து லில்லி. மோந்து பாத்தா என்னா இப்ப?"

"அடியாத்தி!" என்றது ஒரு குரல்.

"அம்மனுக்குப் பத்து வருஷமா தாலி தைச்சவங்க நீங்க" என்றாள் நீலாவதி மெதுவாக. "சாமிக்குப் போற பூவ நீங்க மோந்து பாப்பீங்களா? அந்தக் கூடை அம்மன்கிட்ட போவாதுன்னு தெரிஞ்சவங்கதான் மோந்து பாப்பாங்க. அது ஏன் போவாதுன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"இல்ல... நான் மோந்து பாக்கல. சும்மா குனிஞ்சேன்."

"மூக்கு பூவுக்குள்ள போற அளவுக்குக் குனிஞ்சு, எதப் பாத்தீங்க?"

ஹரிதாஸ் தாங்கமாட்டாமல் சொன்னான்: "முன்வாசலும் பூட்டியாச்சு, பின்வாசலும் பூட்டியாச்சு. ரோட்டுல மாட்டிக்கிட்ட எங்க காடி மாதிரியே ஆயிருச்சு."

நீலாவதி ருக்குமணியிடம் திரும்பினாள். "அக்கா, தேடாத எடம் ஒண்ணுதான் பாக்கி. உங்க கையாலதான் பிரிக்கணும்."

ருக்குமணி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, மன்னிச்சுக்க" என்று சொல்லி, விரிந்த லில்லியைத் தண்டோடு உருவினாள். பூக்குத்தும் பச்சை ஸ்பாஞ்சில் பெரிய ஓட்டை. அதற்குள் விரலை விட்டாள். தங்கப் பொட்டுத்தாலி வெளியே வந்தது.

குலவை போடவேண்டிய இடத்தில் கூச்சல்தான் கிளம்பியது.

"அவ கூடை!" தங்கராஜு தட்டை ஆட்டினார். "அவ கூடையிலதான் இருக்கு! அவதான் ஒளிச்சு வெச்சிருக்கா!"

கங்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நான்தான் சொன்னேனே! முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாத்தாளே!"

குமுதா சுவரில் சாய்ந்துவிட்டாள். ஹரிதாஸ் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே! மேடமும் அவனுமே கயிற்றைத் திரித்து, அந்தப் பெண்ணின் கழுத்தில் மாட்டிவிட்டார்களே!

நீலாவதி குரலை உயர்த்தவில்லை. "கங்காம்மா, நீங்க குனிஞ்சு பாத்தப்ப இது கண்ணுல பட்டுச்சா?"

கங்கா மூக்கைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டாள்.

"பட்டுச்சுன்னா, ஏன் கத்தல? காலையிலேருந்து எல்லாரும் இதத்தானே தேடறாங்க? திருட்டுப் பொருளக் கண்டவ ஊரக் கூட்டுவா. வெச்சவதான் வாய மூடிக்கிட்டு, அத வேற யாராவது கண்டுபிடிக்கட்டும்னு காத்திருப்பா. கூடையத் தேடக்கூடாதுன்னு ருக்குமணியக்கா சொல்லுவாங்கன்னு நீங்க எதிர்பாக்கல. அதான் கொஞ்சம் வெளிய தெரியற மாதிரி இழுத்து விடலாம்னு போனீங்க. அதுக்குள்ள மொட்டு விரிஞ்சிருச்சு."

"பொய்! எனக்கு ஒண்ணும் தெரியல! என் கண்ணுல எதுவும் படல!"

"அப்ப ரொம்ப நல்லது. தங்கராஜு அண்ணே, புதுசா ஒரு கட்டி கொளுத்தி, தட்ட அவங்ககிட்ட குடுங்க. நான் வெக்கலன்னு சொல்லி அணைச்சுட்டுப் போவட்டும்."

தங்கராஜு தயங்கினார். குமுதாவிடம் நீட்டும்போது இல்லாத தயக்கம். பிறகு தட்டு கங்காவின் முன்னால் போனது. சுடர் நின்று எரிந்தது. கங்கா வலது கையைத் தூக்கினாள். வளையல்கள் குலுங்கின. கை சுடருக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. கற்பூரம் தானாகவே எரிந்து தீர்ந்தது.

கங்கா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"பத்து வருஷம் நான் தச்சேன். என் தோட்டத்துப் பூவத்தானே எல்லாரும் வெச்சீங்க? ஒரே நாள்ல பெட்டி ஒட்டறவளுக்குக் கை தூக்கிட்டீங்க. ஒரு மணி நேரம் அவ தலை குனியட்டும்னுதான் நெனச்சேன். ரோடு அடைச்சு, கதவ பூட்டி, கற்பூரம் வரைக்கும் போவும்னு நான் நெனைக்கலலா..."

யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்திருக்கும்.

தங்கராஜு மடியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். குளிர்ந்த பனி உள்ளே வந்தது. ஆனால் எங்கே போவது? இரண்டு பக்கமும் ரோடு இன்னும் அடைத்துத்தான் கிடந்தது. பிரிஞ்சாங்குக்குப் போகவேண்டிய கங்கா, மண் அள்ளி முடிக்கும்வரை இதே மண்டபத்தில், இதே முகங்களுக்கு நடுவில்தான் இருக்கவேண்டும்.

"இதுக்கு ஜெயிலே தேவல" என்றான் ஹரிதாஸ். பிறகு நீலாவதியை ஒதுக்குப்புறமாக இழுத்தான். "எல்லாம் சரி மேடம். எடுக்காத பொண்ணு ஏன் சத்தியம் பண்ணமாட்டேன்னுச்சு? அது மட்டும் இடிக்குதே."

"அவ கூடையில மட்டும் ஏன் மொட்டு?"

"தெரியலியே."

"லில்லி மொட்டுக்கு வாசனை கெடையாது, ஹரி."

ஹரிதாஸ் விழித்தான். மூக்கில் முந்தானை. கதவைச் சாத்தச் சொன்னது. தட்டை வைத்துவிட்டு வெளியே ஓடியது. அவன் மனைவி மூத்த மகளைச் சுமந்தபோது தாளிப்பு வாசனைக்கே வீட்டுக்கு வெளியே ஓடுவாள். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவன் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள். கருவைச் சுமப்பவள், சொல்வது சத்தியமான உண்மையே ஆனாலும், கற்பூரத்தை அணைத்து ஆணையிட மாட்டாள். வயிற்றில் இருப்பதன் மேல் அது போய் விழுந்துவிட்டால்? சொன்னால் ஆகாது, செய்தாலும் ஆகாது. பாவம், இந்த மண்டபத்திலேயே அதிகமாக அடைபட்டுக் கிடந்தவள் அந்தப் பெண்தான். அவளைத் திருடி என்று நினைத்ததற்கு ஹரிதாஸ் மனசுக்குள் கூசினான்.

ருக்குமணி குமுதாவின் பக்கம் வந்து நின்றாள். கையில் பொட்டுத்தாலி. குமுதாவின் முகத்தை, மூக்கை மூடிய முந்தானையை, இன்னொரு கை தன்னையறியாமல் வயிற்றில் இருப்பதைக் கண்ணாடி வழியாக நிதானமாகப் பார்த்தாள். நான்கு பெற்றவள் அவள்.

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"புள்ளைங்களா, எந்திரிங்க. லில்லி இருக்கற கூடையெல்லாம் வெளிய தாழ்வாரத்துக்குக் கொண்டு போங்க. எல்லா ஜன்னலையும் தொறங்க. குமுதா இங்க உக்காந்து தாலி தைக்கணும்."

"ஏன்க்கா, லில்லி என்னா பண்ணுச்சு?" என்றாள் ஒரு சின்னப் பெண். பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளினாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து கூடைகளைத் தூக்கினார்கள். கடைசியாகக் கங்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு பனிக்குள் போனாள்.

மண்டபத்தில் சாமந்தி வாசனை மட்டும் மிஞ்சியது. குமுதா முந்தானையை மெல்ல இறக்கினாள். அன்று முதல் தடவையாக மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.